கிளிநொச்சிக் களஞ்சியத்தில் யோகர் சுவாமிகள்

ஈழத்துச் சைவ உலகில் யோகர் சுவாமிகளின் திருநாமத்தை அறியாதார் இலர். கொழும்புத்துறை என்றதும் அவர் வாழ்ந்த கொட்டிலும், நல்லூர் என்றதும் அவருடைய குருநாதர் செல்லப்பா சுவாமிகள் வீற்றிருந்த தேரடியும் நம் நினைவுக்கு வருகின்றன. கிளிநொச்சி என்றதும் சுவாமிகளை நினைப்பவரோ மிகச் சிலர். அவருடைய சரித்திரத்தைச் சொல்லும் அன்பர்களுட் பலர், அவர் கிளிநொச்சியில் உத்தியோகம் பார்த்த காலத்தை இரண்டு மூன்று வாக்கியங்களிற் கூறிவிட்டு நல்லூர் வீதிக்கு விரைந்துவிடுகின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குருவைக் கண்ட இடமன்றோ பெரிது! எனினும், வன்னி மண்ணில் வாழும் நாம், நம்முடைய சங்கத்தின் ஆண்டு மலரிலே, அந்த இரண்டு மூன்று வாக்கியங்களிற் சற்றுத் தங்கி நிற்க விரும்புகின்றோம்.

அதற்கு ஊர்ப்பற்று மாத்திரம் காரணமன்று. நம் வாலிபர்கள் இன்று ஓயாத ஓட்டத்தில் இருக்கிறார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளை உதைத்துப் புறப்படுகிறார்கள். இரவு வீடு திரும்பியபின்னும் கைத்தொலைபேசி அவர்களை விடுவதில்லை. லீசிங் காசு கட்டவேண்டும். நுண்கடன்காரர் வாசலுக்கு வருமுன் பணம் சேர்க்கவேண்டும். வீட்டுக்குக் கூரை போடவேண்டும். இந்த ஓட்டத்தை வெறும் பேராசை என்று இகழ நமக்கு மனம் வரவில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் கிளிநொச்சி நகரம் ஆளரவமற்றுப் போயிற்று. மக்கள் கிழக்கே முல்லைத்தீவுக் கரைவரை ஒதுங்கி, 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாம்களிலிருந்து மீண்டு வந்தபோது, வளவிற் கிணறு ஒன்றைத் தவிர வேறொன்றும் எஞ்சாதோர் பலர். இழந்த ஆண்டுகளை எப்படியாவது எட்டிப் பிடித்துவிடவேண்டும் என்று ஓடுகிறவனைப் பார்த்து, நில் என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? ஆயினும், இழந்தவற்றை எண்ணி அழுகின்ற தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதலிற் சொல்வது வீட்டையும் உழவு இயந்திரத்தையும் அன்று. மகன் திண்ணையிலிருந்து சோறு உண்டதையும், மகள் கிணற்றடியிற் பாடியதையுமே சொல்கிறார்கள். அந்த வேளைகள் நடந்தபோது அவற்றைக் கவனித்தவர் யார்? அவசரத்திற் கவனியாது விட்டவைதாம் பின்னர் பெருஞ் செல்வமாகத் தோன்றுகின்றன. ஆகையால், வேலை நிறைந்த ஒரு வாழ்க்கையின் நடுவில் நிதானமாக இருந்து காட்டிய ஒருவரின் கதை நமக்கு வேண்டியிருக்கிறது. அவர் நம்முடைய ஊரிலேயே சம்பளம் வாங்கி வேலை செய்தவர் என்பது நமக்குக் கிடைத்த பேறு.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு வைகாசி மாதம் மாவிட்டபுரத்தில் அவதரித்தார். தந்தையார் அம்பலவாணர், தாயார் சின்னாச்சி அம்மையார். பிள்ளைப் பெயர் சதாசிவன். யோகநாதன் என்ற பெயர் பின்னர் வழங்கியது. தாயாரைச் சிறு வயதிலேயே இழந்த பிள்ளை கொழும்புத்துறையில் உறவினர் வீட்டில் வளர்ந்தது. யாழ்ப்பாணம் சம்பத்தரிசியார் கல்லூரியில் ஆங்கிலக் கல்வி கற்றார். தந்தையார் மலைநாட்டில் வியாபாரஞ் செய்தமையாற் சிறிது காலம் அங்கும் இருந்தார். ஆனால் வியாபாரத்தில் அவர் மனம் ஒட்டவில்லை. இல்லறத்தை நாடுவதில்லை என்ற உறுதியும் இளமையிலேயே அவருக்கு உண்டாகிவிட்டது. பின்னர் அக்காலத்து ஆங்கிலங் கற்ற வாலிபர் பலரையும்போல அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தார். அவருக்கு வாய்த்த உத்தியோகம் கிளிநொச்சியில், நீர்ப்பாசன இலாகாவின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாளர் பதவி. அக்காலத்து வழக்கிற் சொல்வதானால், ஸ்ரோர் கீப்பர்.

அந்நாளைய கிளிநொச்சியை இன்றைய வாசகர் மனக்கண்ணிற் காண்பது கடினம். இன்றுள்ள பட்டினம் அப்போது இல்லை. யாழ்ப்பாணத்து நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கும் நோக்கத்தோடு குடியேற்றத் திட்டம் தொடங்கியது 1936இலே தான். அதற்கு முன்னர் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு, இடையிடையே சிறு குளங்கள், குளத்தையண்டிய சில குடிசைகள், யானைத் தொல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக மலைக்காய்ச்சல். வடக்கே செல்லும் புகையிரதப் பாதை முழுவதும் திறக்கப்பட்டது 1905இல். அதற்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வருபவர் ஆனையிறவைக் கடந்து, ஏறக்குறைய 40 மைல் தூரத்தை மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோ வரவேண்டும். இங்கே மாற்றம் பெற்றுவரும் உத்தியோகத்தர், எப்போது திரும்பிப் போவோம் என்று நாளெண்ணிக்கொண்டிருப்பது வழக்கம். வன்னிக்கு வந்தவர் பலர் வன்னியைப் பார்த்ததேயில்லை. பார்வையெல்லாம் யாழ்ப்பாணத்துப் பாதைமேலேயே இருந்தது.

அக்காலமே இரணைமடுக் குளத்தின் காலமுமாகும். கனகராயன் ஆற்றில் இரண்டு மடுக்கள் இருந்த இடத்தை ஒரே குளமாக்கக் கட்டிய கட்டு அது. பெயரே அதைச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டிலே திட்டம் வரையப்பட்டு, 1902இல் வேலை தொடங்கி, முடிய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. இன்று 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கும் அந்தக் குளம், மண்வெட்டியாலும் கூடையாலும் எழுந்தது. ஒரு கூடை மண்ணைச் சுமந்து கட்டின்மேற் கொட்டிவிட்டு இறங்கிய கூலியாளுக்கு அன்று மாலை கட்டு ஒரு விரற்கடையேனும் உயர்ந்ததாகத் தோன்றியிராது. பெரிய காரியங்கள் நடக்கும் விதம் அப்படித்தான் போலும்.

இனிக் களஞ்சியகாரனின் வேலையைப் பாருங்கள். காலையில் வேலையாட்கள் வந்து நிற்பார்கள். மண்வெட்டி இத்தனை, அலவாங்கு இத்தனை, கயிறு இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துப் பதியவேண்டும். மாலையில் அவை திரும்பி வரும், எண்ணி வாங்கவேண்டும். ஒன்று குறைந்தால் அவன் தலையில் விழும். வருகிறவன் ஒவ்வொருவனும் அவசரக்காரன்; தன்னுடைய காரியமே முதலில் நடக்கவேண்டும் என்பான். மேலே துரைமார் கணக்குக் கேட்பார்கள். புகழ் இல்லாத, எண்ணிக்கையைத் தவிர வேறொன்றும் இல்லாத உத்தியோகம். இத்தகைய வேலையில் ஒருவன் ஒன்று எரிச்சற்காரனாவான், அல்லது மரக்கட்டையாவான் என்பது உலக அனுபவம்.

யோகநாதர் இரண்டும் ஆகவில்லை. பிரவுண் என்னும் ஆங்கில அதிகாரியின் கீழ் அவர் வேலை பார்த்தார். அவருடைய நேர்மையிலும் ஒழுங்கிலும் அவ்வதிகாரிக்கு நம்பிக்கை இருந்தது என்பர். பகலெல்லாம் களஞ்சியம், இரவிலோ தியானம். சில நாட்களில் இரவு முழுவதும் அசையாதிருந்து, விடிந்ததும் எழுந்து வேலைக்குப் போவாராம். அப்படிப் போனவர் தூங்கி வழியவில்லை, கணக்கிற் பிழைவிடவில்லை. இதுவே நாம் உற்று நோக்கவேண்டிய இடம். இரவிற் பெற்ற அமைதியைப் பகலிற் செலவழித்தாரா, அல்லது பகலிற் காத்த நிதானமே இரவில் அமைதியாகக் கனிந்ததா? இரண்டும் ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. மண்வெட்டியை எண்ணும்போது மண்வெட்டியை மாத்திரம் எண்ணுகிறவனுக்கு, கண்ணை மூடி இருக்கும்போது மண்வெட்டி நினைவில் வராது. நமக்கோ, பூசையறையில் வியாபாரமும் வியாபாரத்தில் வீட்டுச் சண்டையும் வருகின்றன.

இந்த இடத்தில் வேற்று நாட்டுத் துறவி ஒருவர் நினைவுக்கு வருகிறார். 17ஆம் நூற்றாண்டிலே, பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடம் ஒன்றில் லோறன்ஸ் என்னும் சகோதரர் இருந்தார். படிப்புக் குறைந்தவர். மடத்துச் சமையலறையிலே பாத்திரங்களோடு பல ஆண்டுகள் கழித்தார். அந்த இரைச்சலிலும் புகையிலும், ஆலயத்தில் முழந்தாளிடும்போது உணரும் இறைவனையே தாம் உணர்வதாக அவர் கூறிவந்தார். 1691இல் அவர் மறைந்தபின் அவருடைய கடிதங்கள் நூலாகி, இன்றுவரை உலகெங்கும் படிக்கப்படுகின்றன. சமயம் வேறு, தேசம் வேறு. ஆனால் பாரிஸ் அடுக்களைக்கும் கிளிநொச்சிக் களஞ்சியத்துக்கும் இடையே ஒரு வாசல் திறந்திருப்பதைக் காண்கின்றோம்.

நிற்க. கிளிநொச்சிக் காலத்துச் செய்தியாக அன்பர்கள் சொல்லிவரும் கதை ஒன்றுண்டு. ஒருநாள் யோகநாதர் தம்முடைய இளம் உதவியாளனை அழைத்து, மூன்று மாங்கன்றுகளை நடும்படி சொன்னாராம். அந்தப் பையனுக்கு அது வேண்டாத வேலையாகப் பட்டது. அவன் நினைத்ததிலும் நியாயம் இருக்கிறது. உத்தியோகம் என்றால் இன்று இங்கே, நாளை எங்கேயோ. மரம் காய்க்கும்போது நாங்கள் இங்கே இருக்கப்போகிறோமா, பின் ஏன் இந்தப் பாடு என்று அவன் கேட்டானாம். அதற்கு யோகநாதர், உலகத்தில் நீ ஒருவன் மாத்திரமா இருக்கிறாய் என்ற கருத்துப்பட மறுமொழி சொல்லி, நாம் தின்னும் பழமெல்லாம் வேறு யாரோ நட்டவை என்பதை அவனுக்கு உணர்த்தினார் என்பர்.

இக்கதையைப் பலரும் பரோபகாரத்துக்கு உதாரணமாகக் கூறுவார்கள். அது சரியே. ஆனால் நாம் அதில் மற்றொன்றையும் காண்கின்றோம். விதையிலிருந்து முளைத்த மாங்கன்று காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேற் செல்லும். வன்னியின் கிரவல் நிலத்திற் குழி வெட்டுவதென்றால் அலவாங்கு கேட்கும். கோடையிற் குடத்தில் நீர் சுமந்து ஊற்றவேண்டும். ஆடுமாடு கடியாமல் அலம்பல் கட்டவேண்டும். இவற்றையெல்லாம் செய்கிறவன் பழத்தை எண்ணிச் செய்தால் ஒரு வாரத்திற் சலித்துவிடுவான். இன்று ஒரு புதுத் துளிர், நாளை செம்மை மாறிப் பச்சையான ஓர் இலை என்று, அன்றன்றைய வரவைக் கண்டு மகிழ்கிறவனாற்றான் அதைச் செய்யமுடியும். அந்தப் பையனுக்கு யோகநாதர் கொடுத்த வேலை மரம் நடும் வேலை மாத்திரமன்று. மாற்ற உத்தரவையே எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒருவனை, நிற்கும் நிலத்தைப் பார்க்கவைத்த வேலை அது. களஞ்சியத்தில் அவசர வேலை இல்லாத நாளாக அது இருந்திருக்காது. அவசரம் இல்லாத நாள் என்று ஒன்று எந்தக் களஞ்சியத்திலும் இல்லை.

வன்னியிற் பிறந்த நமக்கு இது புதிய பாடமாக இருக்கவேண்டியதில்லை. காலபோகத்துக்கு விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்திருந்தவர்கள் நம் முன்னோர். குடலை தள்ளும் வேளையில் வயல்வரம்பில் வீணே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே கைக்கு வேலை ஒன்றும் இராது, ஆனால் போகாமல் இருக்கமாட்டார்கள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரை எடுத்துவந்து விளக்கேற்றி, வைகாசி விசாகப் பொங்கல் வரை காத்திருக்கும் அந்த நாட்களை அவசரப்படுத்த எவராலும் முடியாது. அவசரப்படுத்த எவரும் விரும்பியதுமில்லை. பாலைப்பழக் காலத்திற் காட்டுக்குப் போன பிள்ளைகள் வாயும் கையும் பசையாகித் திரும்பிவருவார்கள். இவையெல்லாம் பொழுதை வீணாக்கியவை என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

இனி, 1897ஆம் ஆண்டைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும். அவ்வாண்டு ஜனவரி 15ஆந் தேதி சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டு வெற்றிக்குப்பின் கொழும்பில் வந்திறங்கினார். கண்டி, மாத்தளை, அநுராதபுரம் வழியாக அவர் யாழ்ப்பாணம் சென்றார். அநுராதபுரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 120 மைல் தூரம், பாதையும் குதிரைகளும் மோசமாக இருந்தமையால் மிகுந்த வருத்தந் தந்தது. இரண்டு இரவுகள் நித்திரை கெட்டது. வழியில் வவுனியா மக்கள் வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தனர் என்பது வன்னி மக்கள் மறக்கலாகாத செய்தி. அந்த நீண்ட பயணத்தின் களைப்பை மறக்கச் செய்தது வழியெங்கும் இருந்த காட்டின் அழகு என்று உடன்சென்றோர் குறித்துவைத்திருக்கின்றனர். அன்று யாழ்ப்பாணத்தில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட கூட்டத்தில் இருபத்துநான்கு வயதினரான நம் யோகநாதரும் இருந்தார் என்பர். ஒருவர் புயல், 39 வயதுக்குள் உலகத்தை வலம்வந்து, 1902இல் மறைந்தார். மற்றவர் 91 வயதுவரை இருந்து, பெரும்பாலும் ஒரு சிறு கொட்டிலையே இருப்பிடமாகக் கொண்டார். விரைந்த வாழ்வைக் குறைவு என்று நாம் சொல்லவில்லை. புயலுக்குள்ளும் ஓர் அசையா நடு உண்டு.

விடுமுறை நாட்களில் யோகநாதர் யாழ்ப்பாணம் செல்வதுண்டு. அப்படிச் சென்ற காலத்திலே, 1905ஐ அண்டிய ஆண்டுகளில், நல்லூர்த் தேரடியிற் செல்லப்பா சுவாமிகளைக் கண்டார். செல்லப்பர் ஊரார் கண்ணுக்குப் பைத்தியக்காரர். தமக்குள்ளே பேசுவார், சிரிப்பார், நெருங்கி வந்தவர்களை ஏசித் துரத்துவார். அவருடைய ஒரு பார்வையிலும் ஒரு சொல்லிலும் யோகநாதரின் பழைய உலகம் குலைந்துவிட்டது. சில காலத்துக்குள் உத்தியோகத்தை விட்டுவிட்டுக் குருவின் பின்னால் நடந்தார்.

செல்லப்பரிடம் பெற்ற பயிற்சி மென்மையானதன்று. பல மைல் நடக்கவைப்பார். பின் சோறு, கறி எல்லாம் பக்குவமாகச் சமைப்பார். சீடர்கள் பசியோடு காத்திருப்பார்கள். பரிமாறவேண்டிய தறுவாயிற் பானையை உடைத்துவிடுவார். இதைக் கேட்கும் இக்காலத்தவர் சிரிப்பார்கள், அல்லது கோபிப்பார்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள். நாம் அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தைக் காலவிரயம் என்று நினைத்து, உண்பதை மாத்திரமே காரியம் என்று கொள்கிறோம். பானை உடைந்தால் நமக்கு எஞ்சுவது ஏமாற்றம். அரிசி களைந்ததும், விறகு பற்றியதும், மணம் எழுந்ததும் தம்மளவில் நிறைந்த காரியங்கள் என்று கண்டவனுக்கோ, பானை உடைந்தபின்னும் அந்த நாள் கெட்டுப்போவதில்லை. செல்லப்பர் இதைத்தான் கற்பித்தார் என்று அடித்துச் சொல்ல நாம் துணியவில்லை. ஞானிகளின் செயலுக்கு நாம் பொருள் கூறுவது எப்போதும் சிறிது அபாயமானது. நமக்குத் தோன்றிய பொருள் இது.

இங்கே ஒரு தடை எழும். சுவாமிகள் உத்தியோகத்தை விட்டுவிட்டாரே. அப்படியானால் நிதானமாக வாழ விரும்புகிறவன் வேலையை விடவேண்டும் என்பதன்றோ அவர் காட்டிய வழி? மனைவி மக்களும் கடனும் உள்ளவன் என்ன செய்வது? இத்தடைக்குச் சுவாமிகளின் பிற்கால நடைமுறையே விடையாகும். கொழும்புத்துறைக்கு அவரைத் தேடிவந்தவர்கள் ஆசிரியர்கள், நியாயவாதிகள், எழுதுவினைஞர்கள், கமக்காரர், கடைக்காரர். அவர்களை உத்தியோகத்தை விட்டு ஓடிவரும்படி அவர் சொல்லவில்லை. பெரும்பாலோரைத் தத்தம் வேலைக்கே திருப்பியனுப்பினார். அந்த வேலையையே சிவதொண்டாகச் செய்யும்படி பணித்தார். 1935இல் அவர் ஆசியோடு தொடங்கிய பத்திரிகைக்குச் சிவதொண்டன் என்றே பெயர் அமைந்தது. கிளிநொச்சிக் களஞ்சியத்தில் இருந்து பார்த்த ஒருவருக்கு அல்லாமல், வேறு யாருக்கு அலுவலகத்து மேசையும் கலப்பையும் தொண்டுக்குரிய இடங்கள் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல வாய் வரும்?

சும்மா இருப்பதைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். சும்மா என்ற சொல்லைப்போல நாம் அதிகம் வழங்கும் சொல்லும் இல்லை, தவறாக விளங்கிக்கொண்ட சொல்லும் இல்லை. வேலையற்றவன் தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்துகொண்டு, சும்மா இருக்கிறேன் என்கிறான். அவன் சும்மா இருக்கவில்லை. ஊர் வம்பில் உழைத்துக்கொண்டிருக்கிறான். கைத்தொலைபேசியை விரலாற் தள்ளிக்கொண்டு மூன்று மணி நேரம் கிடப்பவனும் சும்மா இருக்கவில்லை. அவன் கண்கள் படும் பாடு குளக்கட்டில் மண் சுமந்தவனும் பட்டிரான். சுவாமிகள் கருதிய சும்மா வேறு. கை வேலை செய்யும்; கால் நடக்கும்; உள்ளே அவதி இராது. சோம்பேறிக்கு அது ஒருநாளும் சித்திக்காது. சுவாமிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேலைக்கு ஒளிக்கிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவரிருந்தால் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஏச்சை நினைத்து நாம் சிரிப்பதுண்டு. ஏசுவதில் அவர் குருநாதருக்குக் குறைந்தவரல்லர்.

குருவைவிட்டுத் தனித்தபின் சுவாமிகள் கொழும்புத்துறைச் சந்தியில் ஓர் இலுப்பை மரத்தின் வேரிலே வெயிலும் மழையும் பாராது பல காலம் இருந்தார். பின்னர் அன்பர்கள் வற்புறுத்தலால் அருகிலிருந்த சிறு கொட்டிலுக்கு வந்தார். மெழுகிய நிலம், வேய்ந்த கூரை. அதைப் பெரிதாக்க அவர் இடங்கொடுக்கவில்லை. அங்கிருந்து நாள்தோறும் புறப்பட்டுக் குடாநாடெங்கும் நடப்பார். நடை விரைவானது, வாலிபர்களும் ஈடுகொடுக்கத் திணறுவார்கள். ஆனால் அந்த நடையில் அவர் கண்ணுக்குத் தப்பியது ஒன்றுமில்லை. வண்டிக்காரனோடு மாட்டைப் பற்றிப் பேசுவார். தோட்டக்காரனோடு பயிரைப் பற்றிப் பேசுவார். அழையாத வீட்டுக்குள் நுழைந்து, இருந்த உணவை வாங்கி உண்டு, பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் போவார். நிதானம் என்பது கால் மெல்ல நடப்பதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

1940இல் சுவாமிகள் இந்தியாவுக்கு யாத்திரை சென்றார். அப்போது திருவண்ணாமலையில் ரமண மகரிஷிகளைக் கண்டார். இரு ஞானிகளின் சந்திப்பில் என்னென்ன பேசப்பட்டதோ என்று கேட்க ஊரிலுள்ளோர் ஆவலோடிருந்தனர். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருவரும் எதிரெதிரே இருந்தனர். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவ்வளவுதான் செய்தி. இன்று அந்தச் சந்திப்பு நடந்தால் எத்தனை கமராக்கள் வந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்த்தோம். தம்மைப் படம் பிடிப்பதையும் சுவாமிகள் விரும்பியதில்லை. பார்க்க வந்தவன் பார்க்கட்டும் என்பது அவர் கருத்துப் போலும். படம் பிடிக்கிறவன் பார்ப்பதில்லையே!

1953இல் யாழ்ப்பாணத்திற் சிவதொண்டன் நிலையம் அமைந்தது. அங்கே ஆடம்பரம் இல்லை, வீண்பேச்சுக்கு இடமில்லை, தியானத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. நிலையத்துக்குச் செல்லும் நம் வாலிபர் சிலர், முதல்நாள் பத்து நிமிஷம் இருப்பதே பெரும் பாடாக இருந்தது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நாம் அவர்களுக்குக் கூறுவது, பத்து நிமிஷம் இருந்ததே போதும், அடுத்த முறை மண்டபத்தை எண்ணாமல் வாசலிற் செருப்பைக் கழற்றும்போதே தொடங்குங்கள் என்பதுதான்.

1961ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒருநாள், சுவாமிகள் தம்முடைய வள்ளி என்னும் பசுவுக்கு வாழையிலை கொடுக்கச் சென்றார். சாதுவான பசு, நாள்தோறும் நடக்கும் காரியம். அன்று அது எதனாலோ மிரண்டு அவரை மோதி வீழ்த்திவிட்டது, இடுப்பெலும்பு முறிந்தது. 88 வயது. குடாநாட்டை நடந்து அளந்த கால்கள் ஓய்ந்தன. மாதக்கணக்காக ஆஸ்பத்திரியில் இருந்து, பின் தள்ளுநாற்காலியில் இருந்தார். பசுவின்மீது அவருக்குக் குறையில்லை. வந்தவர்களை இருந்த இடத்திலிருந்தே பார்த்தார். தேவாரம் பாடச் சொல்லிக் கேட்டார். வேகமாக நடந்த காலத்தில் எப்படியோ, அசையமுடியாத காலத்திலும் அப்படியே இருந்தார் என்று கண்டவர்கள் சொல்வார்கள்.

1964 மார்ச் மாதம், பங்குனி ஆயிலியத்தில், விடியுமுன் சுவாமிகள் சிவபதமடைந்தார். ஆண்டுதோறும் அந்நட்சத்திரத்தில் அன்பர்கள் கூடிக் குருபூசை செய்கின்றனர். 1990இல் நின்றுபோன புகையிரதம் 23 ஆண்டுகளுக்குப்பின் 2013இற் கிளிநொச்சிக்கும், அடுத்த ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே இங்கிருந்து அவ்விழாவுக்குச் செல்பவர்களுக்கு வழி இலகுவாகிவிட்டது. செல்ல விரும்பும் அங்கத்தவர்கள் புகையிரதத்திலே செல்லலாம். பரந்தன் தாண்டி ஆனையிறவு வரும்போது இரு புறமும் நீர்ப்பரப்புத் தெரியும். பங்குனியிலே வெளிநாட்டுப் பறவைகள் இன்னும் சில அங்கே நிற்கும்; சன்னலோரத்தில் இருப்பவர்கள் பார்க்கலாம்.